ஆன் ஆர்பரில் ஆகஸ்ட்: 2024 சீசனுக்கு முன்

ஆகஸ்ட் 3, சனி

நேற்றிலிருந்து பிக் டென் என்ற கல்லூரி அமெரிக்கக் கால்பந்து லீகில் 18 அணிகள். யுஎஸ்சி, யுசிஎல்ஏ, ஒரேகான், வாஷிங்டன் நான்கும் முறைப்படி சேர்ந்துவிட்டன. இந்த ஜனவரி 8 அன்று ஹூஸ்டனில் தேசியக் கோப்பைக்காக நம் மிச்சிகன் அணி வாஷிங்டனோடு மோதியது, 34-13 என்று ஜெயித்தோம். இனி அவர்கள் நம் லீக்காரர்கள். அக்டோபரில் சியாட்டிலுக்கே போய் அவர்களோடு ஆட வேண்டும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பயிற்சி முகாம் தொடங்கியாகிவிட்டது. போன சீசனில் 15 ஆட்டம், 15 வெற்றி. அந்த அணியில் இன்று மீதி இருப்பவர்களை எண்ணிப் பார்த்தால் மனசு கொஞ்சம் கனக்கிறது. தலைமை கோச் ஜிம் ஹார்பா தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் சார்ஜர்ஸ் அணிக்குப் போய்விட்டார். தற்காப்பைக் கவனித்த ஜெஸ்ஸி மின்டரும் உடற்பயிற்சி கோச் பென் ஹெர்பர்ட்டும் அவரோடு கிளம்பிவிட்டார்கள். ஏப்ரலில் இங்கே பக்கத்திலேயே, டெட்ராய்ட்டில், என்எஃப்எல் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் நம் பையன்கள் 13 பேரை எடுத்துக்கொண்டார்கள். எந்தக் கல்லூரியிலிருந்தும் இத்தனை பேர் போகவில்லை. பெருமைதான். ஆனால் பதிமூன்று காலி இடங்களும் அதே பெருமையோடுதான் வருகின்றன.

டோலிடோவில் இருக்கும் நண்பன் ஒஹாயோ ஸ்டேட் ரசிகன். மாநில எல்லை தாண்டினால் அவன் வீடு. போனில் கேட்டது ஒரே கேள்விதான்: "மச்சான், பந்து எறிய ஆளே இல்லையே, என்ன பண்ணப் போறீங்க?"

பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் யார் என்று ஊரே கேட்கும் கேள்வி அது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. நிதானமாக எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஹார்பாவுக்குக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ நேற்றுத் தண்டனை அறிவித்தது. கொரோனா காலத்தில் அணியில் சேர்க்க நினைக்கும் பள்ளி மாணவர்களைச் சந்திக்கக் கூடாது என்றிருந்த விதியை மீறியது, விசாரணைக்கு ஒத்துழைக்காதது ஆகியவைதான் குற்றச்சாட்டு. நாலு வருடத்துக்கு எந்தக் கல்லூரியும் அவரைச் சுலபமாக வேலைக்கு எடுக்க முடியாது. அவர் என்எஃப்எல்லில் இருப்பதால் இப்போதைக்கு அது அவரைத் தொடாது.

எதிரணி கோச்சுகள் மைதான ஓரத்திலிருந்து காட்டும் சைகைகளைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்ததாக எழுந்த இன்னொரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. அதன் சுமை புதிய கோச் ஷெரோன் மோர் தோளில். தப்பு நடந்திருந்தால் விசாரிக்கட்டும், தண்டிக்கட்டும். ஆனால் வேகமாக முடியுங்கள். பதினெட்டு வயதில் இந்த வருடம் சேர்ந்த பையன் யாருடைய சைகையையும் திருடவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசை வந்துவிட்டது. நாம் 9-ஆவது இடம். நியாயமான இடம் என்றே தோன்றுகிறது.

பட்டியலின் தலைப்பக்கத்தைப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது. ஒஹாயோ ஸ்டேட் 2, ஒரேகான் 3, டெக்சஸ் 4. மூன்று பேருடனும் இந்த வருடம் மோதுகிறோம். டெக்சஸும் ஒரேகானும் இங்கே வருகிறார்கள், ஒஹாயோ ஸ்டேட்டுடன் ஆட நவம்பர் 30 அன்று நாம் கொலம்பஸ் போக வேண்டும். நடுவில் யுஎஸ்சி வேறு.

ஒரு ஆறுதல் உண்டு. இந்த வருடத்திலிருந்து இறுதிச் சுற்றுக்கு 12 அணிகள். நாலே அணிகள் இருந்த காலத்தில் ஒரு தோல்வி வந்தாலே நெஞ்சு பதறும். இனி இரண்டு தோற்றாலும் கதவு திறந்திருக்க வாய்ப்பு உண்டு. முதல் மாதம் தடுமாறிவிட்டு அக்டோபரில் தேறும் அணிக்கு இது நல்ல ஏற்பாடு. நம் அணி அப்படித்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

ஆகஸ்ட் 15, வியாழன்

போன சீசனில் நம் குவாட்டர்பேக்காக இருந்த ஜே.ஜே. மெக்கார்த்திக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. மினசோட்டா வைக்கிங்ஸ் டிராஃப்ட்டில் 10-ஆவது ஆளாக எடுத்த பையன், முதல் சீசன் முழுக்க ஆட முடியாதாம். சனிக்கிழமைதான் முதல் பயிற்சி ஆட்டம் ஆடினான், நேற்று இந்தச் செய்தி. இங்கே அவன் தொடங்கிய 28 ஆட்டங்களில் 27 வெற்றி. சீக்கிரம் தேறி வா, தம்பி.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சரி, என் கவலைக்கு வருகிறேன்.

போன நவம்பர் 11, பென் ஸ்டேட்டோடு நடந்த ஆட்டத்தை இன்று மறுபடி போட்டுப் பார்த்தேன். அந்தச் சைகை விவகாரத்தில் ஹார்பாவுக்குத் தடை என்ற செய்தி வந்தது முந்தின நாள்தான். ஷெரோன் மோர் அவசரமாகப் பொறுப்பேற்றார். இரண்டாம் பாதியில் கணக்கில் ஏறிய எறிதல் ஒன்றுகூடக் கிடையாது. தொடர்ந்து 32 தடவை ஓட்டம், ஓட்டம், ஓட்டம். என்ன வரப்போகிறது என்று எதிரணிக்கும் தெரியும், அரங்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு லட்சம் பேருக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. 24-15.

அதைச் செய்தது முன்வரிசை ஐவர். இந்த ஆட்டம் புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பந்தைக் காலிடுக்கு வழியாகப் பின்னால் கொடுப்பவர் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, அதற்கு வெளியே டாக்கிள். ஒவ்வொருவரும் 140 கிலோ பக்கம். இவர்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை, கடைசிக் கோட்டைத் தாண்டி டச் டவுன் போடுவதில்லை. முன்னால் நிற்பவனை நகர்த்துவதுதான் வேலை.

கேமராவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இடது கார்டும் டாக்கிளும் தோளோடு தோள் சேர்ந்து ஒரே ஆளைத் தள்ளுகிறார்கள். இரண்டு எட்டு போனதும் ஒருவர் மட்டும் கழன்று, பின்னால் நிற்கும் லைன்பேக்கர் மேல் பாய்கிறார். எப்போது கழல வேண்டும் என்று யாரும் கத்திச் சொல்வதில்லை. அரை நொடி முன்னால் கழன்றால் முதல் ஆள் திமிறி உள்ளே வந்துவிடுவான், அரை நொடி தாமதித்தால் லைன்பேக்கர் ஓட்டக்காரனை மடக்கிவிடுவான். கபடியில் கைகோத்துச் சங்கிலி போட்டு நிற்பவர்கள் மாதிரிதான். பக்கத்து ஆளின் உடம்பு எந்தப் பக்கம் சாயும் என்பது நமக்குப் பழகியிருக்க வேண்டும். இதற்குக் குறுக்குவழி கிடையாது.

அந்த ஒத்திசைவு எவ்வளவு ஆழம் என்பதை ஒஹாயோ ஸ்டேட் ஆட்டத்தில் கண்ணால் பார்த்தோம். மூன்றாம் கால்பகுதியில் வலது கார்டு ஜாக் ஜின்டருக்குக் கால் எலும்பு முறிந்தது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வலது டாக்கிள் பார்ன்ஹார்ட் கார்டு இடத்துக்கு நகர்ந்தார், டாக்கிளுக்கு ட்ரென்ட் ஜோன்ஸ் வந்தார். அடுத்த பந்திலேயே ஓட்டக்காரன் பிளேக் கோரம் 22 யார்டு ஓடி டச் டவுன். ஓடி முடித்ததும் ஜின்டரின் சட்டை எண் 65-ஐ விரல்களால் காட்டினான். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

ஹூஸ்டனில் தொடங்கிய ஐவர்: ஹென்டர்சன், கீகன், நியூஜென்ட், பார்ன்ஹார்ட், ஜோன்ஸ். ஐந்து பேரும் போய்விட்டார்கள், ஜின்டரும்தான்.

வருபவர்கள் மோசமில்லை. மைல்ஸ் ஹின்டன் ஸ்டான்ஃபர்டிலிருந்து வந்தவர், போன வருடமே சில ஆட்டங்களில் தொடங்கினார். ஜாஷ் பிரீபி நார்த்வெஸ்டர்னில் அனுபவப்பட்டவர், பிறந்து வளர்ந்தது மிச்சிகன்தான். ஜியோவானி எல்-ஹாடி சில வருடமாகப் பொறுமையாகக் காத்திருந்தவர். ஆனால் இந்த ஐவரும் சேர்ந்து ஒரு உண்மையான ஆட்டம்கூட ஆடியதில்லை. இந்தச் சீசனின் முதல் கேள்வி இதுதான். முன்வரிசை வலுவாக நின்றால் சுமாரான குவாட்டர்பேக்கை வைத்தே எட்டு, ஒன்பது ஆட்டம் ஜெயிக்கலாம். அது உடைந்தால் மெக்கார்த்தியே திரும்பி வந்தாலும் முதுகைத் தரையில் வைத்துத்தான் ஆட்டத்தை முடிப்பான்.

நம்பிக்கைக்கு இரண்டு காரணம். மோர் ஓக்லஹோமாவில் கார்டாக ஆடியவர். இங்கே முன்வரிசை கோச்சாக இருந்து 2021, 2022 இரண்டு வருடமும் நாட்டின் சிறந்த முன்வரிசைக்கான ஜோ மோர் விருதை வாங்கிக் கொடுத்தவர். இரண்டாவது, அந்தப் பொறுப்பை இப்போது ஏற்றிருக்கும் கிரான்ட் நியூசம். அவரும் இங்கே டாக்கிளாக ஆடியவர்தான். 2016-இல் விஸ்கான்சின் ஆட்டத்தில் முழங்காலில் பட்ட அடி ரத்தக் குழாயையே பாதித்தது. காலையே இழக்கும் நிலைக்குப் போய் மீண்டார். ஆட்டம் முடிந்துபோனாலும் ஊரை விட்டுப் போகவில்லை, பயிற்சி கொடுப்பவராக நின்றுவிட்டார். அப்படிப்பட்டவர் சொன்னால் பையன்கள் கேட்பார்கள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

தற்காப்பைப் பற்றிக் கவலைப்பட எனக்கு அதிகம் இல்லை. நடுவில் மேசன் கிரஹாம், கென்னத் கிரான்ட். பின்னால் வில் ஜான்சன். இந்த மூவரையும் எந்த அணியும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளும். தற்காப்புக்குப் புதிதாக வந்திருக்கும் கோச் விங்க் மார்டின்டேல் முன்பு என்எஃப்எல்லின் பால்டிமோர் ரேவன்ஸில் தற்காப்பை நடத்தியவர். நாம் 2021-இலிருந்து ஆடிவரும் முறையின் வேரே அங்கேதான். அதனால் பையன்கள் புதுப் பாடம் படிக்க வேண்டியதில்லை.

உறுத்துவது ஒன்றுதான்: ராட் மோர். பின்வரிசையில் எல்லோரையும் இடம் பார்த்து நிறுத்தும் மூளை அவர். வசந்தகாலப் பயிற்சியில் முழங்கால் தசைநார் கிழிந்தது. மைக் செயின்ரிஸ்டிலும் டிராஃப்ட்டில் போய்விட்டார். நீளமாக எறியும் அணிகள் அங்கேதான் குறிவைக்கும்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

வகுப்புகள் தொடங்கிவிட்டதால் ஆன் ஆர்பர் நிரம்பி வழிகிறது. அலுவலகம் முடிந்து வரும்போது ஸ்டேடியம் வழியாக வந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் 1,07,601 பேர் உட்காரும் இடம் என்று நம்பவே முடியாது. பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. உள்ளே நுழைந்து படிக்கட்டின் தலையில் நின்றால்தான் காலடியில் அந்தப் பள்ளம் முழுசாக விரியும்.

குவாட்டர்பேக் யார் என்று கோச் இன்னும் வாய் திறக்கவில்லை. அலெக்ஸ் ஆர்ஜிக்கு அசுர பலம், ஓட ஆரம்பித்தால் ஒரு ஆளால் தடுக்க முடியாது. எறிதல்தான் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஜாக் டட்டில் கல்லூரி ஆட்டத்தில் ஏழாவது வருடம், உடம்பு ஒத்துழைக்கவில்லை. டேவிஸ் வாரன் உதவித்தொகை இல்லாமல் வந்து சேர்ந்தவர். பள்ளியில் படிக்கும்போது ரத்தப் புற்றுநோய் வந்து அதிலிருந்து மீண்ட பையன். என் ஓட்டு வாரனுக்கு. அனுதாபத்தில் சொல்லவில்லை. சீக்கிரம் முடிவெடுத்துப் பந்தைக் கையிலிருந்து விடுகிறவன் என்று வசந்தகால ஆட்டத்திலேயே தெரிந்தது. முன்வரிசை புதிதாக இருக்கும்போது குவாட்டர்பேக்கிடம் அதுதான் முதலில் வேண்டும். ஓட்டத்துக்கு டானவன் எட்வர்ட்ஸ், காலென் மலிங்ஸ் இருக்கிறார்கள். பிடிப்பதற்கு கோல்ஸ்டன் லவ்லண்ட் இருக்கிறார்.

இந்த வருடம் குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கர். பந்து எடுக்க 15 நொடி இருக்கும்வரை கோச் பேசலாம், அப்புறம் துண்டிப்பு. மைதான ஓரத்தில் நின்று காட்டும் சைகைகளுக்கு இனி பெரிய வேலை இருக்காது. போன வருடமே இது வந்திருக்கலாம். எவ்வளவு வேதனை மிச்சமாகியிருக்கும்!

செப்டம்பர் 1, ஞாயிறு

ஜெயித்தோம். ஃபிரெஸ்னோ ஸ்டேட்டை 30-10. ராத்திரி ஏழரைக்குத் தொடங்கிய ஆட்டம், வீடு வந்து படுக்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. தொண்டை கட்டிவிட்டது.

ஸ்கோரைப் பார்த்து ஏமாற வேண்டாம். நாலாம் கால்பகுதியில் 16-10 என்று வந்து நின்றது, அரங்கமே அடங்கிப்போனது. வாரன் தொடங்கினார், ஆர்ஜி இடையிடையே வந்தார். வாரன் லவ்லண்டைத் தேடித் தேடி எறிந்ததுதான் காப்பாற்றியது. பிறகு வில் ஜான்சன் எதிரணிப் பந்தைப் பறித்து 86 யார்டு ஓடியதும்தான் மூச்சு வந்தது. ஆர்கன்சா ஸ்டேட்டிலிருந்து வந்த உதைப்பாளர் டாமினிக் ஸ்வாடா 50 யார்டுக்கு மேலிருந்தே கம்பங்களுக்கு நடுவே இரண்டு அடித்தார். புதையல் அந்தப் பையன்.

முன்வரிசை? பந்தைவிட அவர்களைத்தான் அதிகம் பார்த்தேன். இரண்டு பேர் சேர்ந்து தள்ளும் இடங்களில் பலம் இருந்தது, கழலும் நேரம் இன்னும் கூடிவரவில்லை. ஓட்டம் பலமுறை இரண்டு யார்டிலேயே அடைபட்டது. ஒரு ஆட்டத்தில் வந்துவிடும் விஷயம் இல்லை இது. டெக்சஸ் இதைக் கட்டாயம் படம் போட்டுப் பார்ப்பார்கள்.

வரும் சனி மதியம் 12 மணிக்கு அவர்கள் வருகிறார்கள். இதற்கு முன் டெக்சஸோடு ஆடியது ஒரே தடவை, 2005 புத்தாண்டு ரோஸ் பௌலில். கடைசி உதையில் 38-37 என்று தோற்றோம். இந்தத் தடவை அவர்களுக்கும் ஒரு ஓட்டை இருக்கிறது. தற்காப்பின் நடுவில் மலைபோல நின்ற பைரன் மர்ஃபி, டிவான்ட்ரே ஸ்வெட் இருவரும் என்எஃப்எல் போய்விட்டார்கள். நம் புதிய சென்டரும் கார்டுகளும் மோதப்போவது அவர்களின் புதிய ஆட்களோடுதான். அங்கே மூன்று, நாலு யார்டு கிடைத்துக்கொண்டே இருந்தால் ஆட்டம் நம் கையில். கிடைக்காமல் வாரன் முப்பது தடவைக்கு மேல் எறிய வேண்டி வந்தால் கஷ்டம்.

டோலிடோ நண்பனும் சனிக்கிழமை வருகிறான். பயனியர் பள்ளி மைதானத்தில் வண்டி நிறுத்த இடம் பிடிக்கவேண்டுமென்றால் காலை எட்டு மணிக்கே கிளம்ப வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.