கல்லே தெப்பமான ஊர்

மார்கழி பிறந்ததும் அம்மா தினசரி காலண்டரில் டிசம்பர் 30ஆம் தேதித் தாளின் முனையை மடித்து வைத்துவிடுவாள். அன்று திருவதிகைக்கும் திருப்பாப்புலியூருக்கும் போக வேண்டும். 2011இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய நாள் அது. வெள்ளிக்கிழமை விடியற்காலை.

பண்ருட்டிக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். வீட்டைச் சுற்றி முந்திரி, கொல்லையில் பலா. அன்று ராத்திரி முழுக்கக் காற்று ஊளையிட்டது. கதவுக்கு அம்மிக்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு அப்பா அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா இருட்டில் "நற்றுணை ஆவது நமச்சிவாயவே" என்ற ஒற்றை வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். முழுப் பாட்டும் அவளுக்குத் தெரியும். பயத்தில் அந்த ஒரு வரிதான் வந்தது என்று அப்புறம் சொன்னாள். விடிகிற நேரத்தில் கொட்டகைப் பக்கம் பெரிய சத்தம். பசு ஒரே ஒரு முறை கத்தியது, அவ்வளவுதான். போய்ப் பார்க்கக் கதவைத் திறக்க முடியவில்லை.

அதை அப்புறம் சொல்கிறேன்.

இந்த வருஷமும் முதலில் திருவதிகை வீரட்டானம். தருமசேனர் என்ற பெயரில் சமணத்தில் இருந்த அப்பருக்குச் சூலை நோய் வந்து, வேறு வழியில்லாமல் அக்கா திலகவதியாரிடம் ஓடி வந்த ஊர். அக்கா திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் கூட்டிப்போனார். அம்மாவுக்கு இந்த இடம்தான் பிடிக்கும். "வயித்து வலின்னு வந்த தம்பிய, ஏன் போனேன்னு ஒரு வார்த்த கேக்கல பாரு" என்பாள். எனக்கு ஒரு அக்கா உண்டு, அவள் கேட்டிருப்பாள்.

அங்கிருந்து கடலூர் பஸ். நெல்லிக்குப்பம் தாண்டும்போது கரும்பு லாரிகளும் ஆலையின் பாகு வாடையும். கெடிலம் ஆறும் ஏறக்குறைய நம் கூடவே வருகிறது. திருப்பாதிரிப்புலியூர் என்று முழுசாகச் சொல்வது ரயில் நிலையப் பலகை மட்டும்தான். கண்டக்டர் உட்பட எல்லோருக்கும் அது திருப்பாப்புலியூர். பஸ் நிலையத்திலிருந்து பாடலீஸ்வரர் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். பாதிரி மரம்தான் தலமரம், வடமொழியில் பாடலி. ஊருக்கும் சாமிக்கும் பெயர் கொடுத்தது அதுதான்.

சமணத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்பிவிட்டார் என்று அப்பரை நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், அடைத்தார்கள், விஷம் கலந்த பால்சோறு கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள். எதற்கும் சாகவில்லை என்றதும் பல்லவ மன்னனின் ஆணைப்படி கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள். அவர் கரையேறியது இங்கேதான் என்கிறது பெரியபுராணம். பக்கத்தில் கரையேறவிட்டகுப்பம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. கரையேறியவர் நேரே இந்தக் கோயிலுக்கு வந்து "ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்" என்று பாடினார். தோன்றாத் துணை என்று சாமியைச் சொல்வது அந்தப் பாட்டில்தான். கண்ணுக்குத் தெரியாத துணை. இதைவிடச் சரியான சொல் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

பிராகாரத்தில் அப்பர் சந்நிதி முன்னால் நின்றபோது அப்பா வழக்கமான கேள்வியை ஆரம்பித்தார். "காப்பாத்துறவர், தள்ளுறதுக்கு முன்னாடியே காப்பாத்தியிருக்கலாமே?" வருஷா வருஷம் கேட்பார், வருஷா வருஷம் வரவும் செய்வார். தானேயில் எத்தனையோ பேர் செத்தார்கள், அவர்கள் மட்டும் கும்பிடாதவர்களா என்று நானும் கேட்டிருக்கிறேன். அம்மாவிடம் அதற்குப் பதில் கிடையாது, இருப்பதாக அவள் சொன்னதும் கிடையாது.

இந்தத் தடவை வேறு ஒன்று சொன்னாள். "கயிறு அறுந்து கல்லு முழுகி, இவரு நீந்தி வந்தார்னு கதையில இல்ல. அந்தக் கல்லேதான் தெப்பமாச்சு. கொல்ல வந்ததே தூக்கிட்டு வந்துச்சு." சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா, அப்பர் சிலையிலிருந்த உழவாரப்படையை, அந்தப் புல் செதுக்கும் கருவியை, பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எதைச் சொல்கிறாள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அன்று காற்று அடங்கிக் கதவைத் திறந்தபோது கொல்லைப் பலா வேரோடு சாய்ந்து கொட்டகை மேல் கிடந்தது. பசு போயிற்று என்று நினைத்தோம். கிட்டே போனால், கவட்டையாகப் பிரிந்த இரண்டு பெரிய கிளை தரையில் ஊன்றி நிற்க, நடுவில் இருந்த சந்தில் மாடு நின்றுகொண்டிருந்தது, மேலெல்லாம் பலா இலையும் சேறுமாக. பக்கத்து வீட்டுக் கொட்டகைத் தகரம் ரோடு தாண்டிக் கிடந்தது. எங்கள் தகரம் அந்த மரத்தின் கனத்தில் நசுங்கி அங்கேயே இருந்தது. அது பறந்திருந்தால் வீட்டுப் பக்கம்தான் வந்திருக்கும்.

முந்திரி ஒன்றுகூட மிஞ்சவில்லை. பலாவை விற்கலாம் என்று பார்த்தால், ஊரில் எல்லார் மரமும் ஒரே நாளில் விழுந்ததால் வியாபாரி கேட்ட விலையை வெளியே சொல்லக் கூச்சம். அடுத்த நாலைந்து வருஷம் எப்படிப் போயிற்று என்று அப்பாவின் கடன் நோட்டைத்தான் கேட்க வேண்டும். பசு மட்டும் தினம் பால் கொடுத்தது. என் காலேஜ் பஸ் காசு அந்தப் பால்காசுதான்.

தொன்னையில் கொடுத்த சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸில் திரும்பினோம். வீட்டுக்குள் நுழையும் முன்பே அம்மா விபூதிப் பொட்டலத்தைப் பிரித்தாள். முதல் பூச்சு எப்போதும் கொட்டகையின் நடுத்தூணுக்கு. விற்காமல் வைத்துக்கொண்ட ஒரு துண்டுப் பலாவில் அப்பா அறுத்துச் செய்தது. அப்புறம்தான் எனக்கு. அப்பா தானாகவே நெற்றியைக் காட்டினார்.