வாய்ப்புற்றுநோயின் நிலைப்பிரிவு: வாய்மொழித் தேர்வில் தடுமாறிய பிறகு நான் படித்த முறை

பல் மருத்துவ இறுதியாண்டு வாய்மொழித் தேர்வில் வாய்ப்புற்றுநோயின் டி.என்.எம். நிலைப்பிரிவைக் கேட்டார்கள். கட்டி (டி), நிணநீர்க்கணுப் பரவல் (என்), தொலைவுப் பரவல் (எம்) மூன்றையும் சேர்த்து நோயை நிலைகளாகப் பிரிக்கும் முறை அது. கட்டி 2 செ.மீ. வரை டி1, 4 செ.மீ. வரை டி2, அதற்கு மேல் டி3 என்று ஒப்பித்தேன். "ஆழத்தை விட்டுவிட்டாயே அம்மா?" என்றார் தேர்வாளர். 2018இல் நடைமுறைக்கு வந்த, அந்த முறையின் எட்டாம் பதிப்பில் ஊடுருவல் ஆழமும் சேர்க்கப்பட்டதை அறியாமல், பழைய குறிப்பேட்டையே நான் நம்பியிருந்தேன்.

அதன்பின் எண்களை விட்டுவிட்டுக் காரணங்களைப் படித்தேன். நாக்கில் பரந்து மேலாகக் கிடக்கும் புண்ணைவிட, சிறியதாயினும் ஆழ இறங்கிய புண் கழுத்து நிணநீர்க்கணுக்களுக்குப் பரவும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் 5 மி.மீ., 10 மி.மீ. என்ற எல்லைகள் வகுக்கப்பட்டன. இங்கே மாணவர்கள் அடிக்கடி தவறுவது ஆழத்தையும் தடிப்பையும் ஒன்றாகக் கொள்வதில்தான். ஆழம் என்பது பக்கத்திலுள்ள இயல்பான சளிப்படலத்தின் அடித்தளச் சவ்விலிருந்து கீழ்நோக்கி அளக்கப்படுவது. ஆகவே பூக்கோசு போல வெளியே வளர்ந்த கட்டி தடித்திருந்தாலும் ஆழம் குறைவாக இருக்கலாம், குழிந்த புண்ணில் இதற்கு நேர்மாறாக அமையலாம்.

கணுக்களை இன்னும் நிதானமாகப் படியுங்கள். கழுத்தில் ஒரே ஒரு கணுவுக்குப் பரவியிருந்தாலும் உயிர்பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பதே, 2 செ.மீ.க்கும் குறைவான கட்டியைக்கூட நேராக மூன்றாம் நிலைக்குக் கொண்டுபோவதன் காரணம். கணுவின் உறையைக் கிழித்து வெளியேறியிருந்தால் நிலைமை மேலும் மோசமாகும் என்பதால் அதுவும் எட்டாம் பதிப்பில் இடம்பெற்றது.

இந்தப் படிப்பு பயிற்சி மருத்துவராக இருந்தபோது கைகொடுத்தது. காசிமேட்டிலிருந்து வந்த மீன்பிடித் தொழிலாளி ஒருவர், பல ஆண்டுகள் மாவா என்னும் பாக்கு-புகையிலைக் கலவையை அடக்கிய கன்னத்தில் 3 செ.மீ. புண்ணோடு இருந்தார். அறுவைக்கு முன் இரண்டாம் நிலை என்று எழுதியிருந்தோம். திசு அறிக்கையில் கணுக்கள் சுத்தமாக இருந்தும், ஆழம் 12 மி.மீ. என்பதால் மூன்றாம் நிலை என்று வந்தது. "ரெண்டுன்னு சொன்னீங்களே டாக்டரம்மா, அதுக்குள்ள முத்திடுச்சா?" என்று அவர் மனைவி கலங்கினார். முத்தவில்லை, முன்பு கையாலும் ஸ்கேனாலும் கணித்ததை இப்போது நுண்ணோக்கியில் அளந்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். எத்தனை வருடம் இருப்பார் என்றும் கேட்டார். நிலை என்பது இதேபோன்ற பலரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. வெட்டிய ஓரம் சுத்தமாக இருக்கிறதா, நரம்பைச் சுற்றிப் பரவியிருக்கிறதா என்பவை அந்த நிலைக் கணக்கில் சேராதவை என்று சொல்லி, அறிக்கையில் அந்த வரிகளை அவருக்குக் காட்டினேன். புண் ஆறியதும், அறுவை நடந்த ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சைத் தொடங்கிவிட வேண்டும் என்றதும், எந்தக் கிழமை வரவேண்டும் என்று கேட்டுச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டார்.