இங்கே யாருக்கும் தேவையில்லை

அந்தக் கமிட் செய்தியை, அதாவது மென்பொருளில் செய்த மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் குறிப்பை, ஒரு ஜூலை மாத மாலையில் எழுதினேன். ஆங்கிலத்தில்தான் எழுதினேன், தமிழில் சொன்னால் "நீக்கப்பட்டது. இங்கே யாருக்கும் தேவையில்லை" என்று வரும். மூன்று மாதம் கழித்து அதே வரியை ஒருவர் விரலால் வருடிப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"'இங்கே' என்றால் எங்கே சார்?"

"ஆய்வகத்தில்" என்றேன்.

"சரி சார்" என்றார்.

பேச்சு அவ்வளவுதான். இரண்டு வருடம் ஆகிவிட்டது. அவர் மறந்திருக்கலாம். எனக்குத்தான் இன்னும் முடியவில்லை. ஏனென்றால் நான் சொன்ன பதில் உண்மையில்லை.

என் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆய்வகத்தில் சோதனைக்கு வரும் மின்னணு போர்டுகளோடு சீரியல் கேபிள் வழியாகத்தான் பேசுவோம். கேபிளின் தலையில் இருப்பது சிஎச்340 என்ற மலிவான சிப். கணினிகளை லினக்ஸின் புதிய பதிப்புக்கு மாற்றிய நாளிலிருந்து ஒரு தொல்லை தொடங்கியது. கேபிளைச் செருகியதும் கணினியில் அதோடு பேசுவதற்கான வாசல், அதாவது போர்ட், தோன்றும். ஒரு நொடியில் மறைந்துவிடும். கேபிளை மாற்றிப் பார்த்தார்கள், போர்டை மாற்றிப் பார்த்தார்கள். இரண்டு நாள் சோதனை நின்றது. மேலாளர் என் மேசைக்கு இரண்டு முறை வந்து போனார். கடைசியில் லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் எழுதிவைக்கும் பதிவைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். கேபிளை இயக்கும் டிரைவர் என்ற நிரல் சாதனத்தைப் பிடித்துக்கொண்டது என்று ஒரு வரி. அதற்கு அடுத்து, பி.ஆர்.எல்.டி.டி.ஒய் என்ற நிரல் அதே சாதனத்தைக் கேட்கிறது என்று ஒரு வரி. அதன் கீழே, டிரைவர் விலகிவிட்டது என்று இன்னொன்று.

அது என்ன நிரல் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் நீக்கினேன் என்று சொல்ல முடிந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் பிரெய்ல் பலகையோடு பேசுவதற்காக 1995 முதல் வளர்ந்துவரும் நிரல் அது. திரையில் உள்ள எழுத்துகளைப் பலகையில் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும்.

அது ஏன் எங்கள் கேபிளைப் பிடுங்கியது என்பதும் அரை மணி நேரத்தில் புரிந்தது. யுஎஸ்பி சாதனம் எதைச் செருகினாலும் அது முதலில் இரண்டு எண்களைச் சொல்லும்: தயாரிப்பாளர் எண், பொருள் எண். ஒவ்வொன்றும் 16 பிட். கர்னல் இந்த எண்களை ஒரு நீண்ட சரமாகக் கோத்து வெளியே அறிவிக்கும். புதிய சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் என்ற நிரல் அதைக் கேட்டு, எந்த டிரைவர் மாட்யூல் இந்த எண்ணை உரிமை கொண்டாடுகிறது என்று அட்டவணையில் தேடி ஏற்றும். ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தெரிந்த எண்களின் பட்டியலைக் கையில் வைத்திருக்கும். பட்டியலும் எண்ணும் ஒத்துப்போனால் கர்னல் அந்த டிரைவரின் புரோப் என்ற பகுதியைக் கூப்பிட்டு, இது உன்னுடையதுதானா என்று கேட்கும். ஆம் என்று முதலில் சொல்கிற டிரைவரிடம் சாதனம் போய்விடும். விண்டோஸ் பல டிரைவர்களைத் தரம் பிரித்து, அதிகம் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கும். லினக்ஸின் யுஎஸ்பி உலகில் அந்தத் தராசு கிடையாது. பந்திக்கு முந்தியவருக்கே இலை.

சிக்கல் எண்ணில்தான். தயாரிப்பாளர் எண்ணுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்ட வேண்டும். சிறிய நிறுவனங்கள் அதைத் தவிர்த்துவிட்டு, வாங்கிய சிப்பில் என்ன எண் இருக்கிறதோ அதோடேயே தங்கள் பொருளை விற்றுவிடும். எங்கள் கேபிளின் எண் 1ஏ86:7523. உள்ளே அதே சிப்பை வைத்த ஒரு பிரெய்ல் சாதனமும் உலகில் இருக்கிறது. அதன் எண்ணும் 1ஏ86:7523. ஒரே தெருவில் இரண்டு எஸ். முருகன் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? பிரெய்ல் நிரலோடு வரும் யூடெவ் விதி அந்த எண்ணைக் கண்டதும் நிரலை எழுப்பிவிட்டது. நிரல் கர்னலிடம், "இந்த டிரைவரை விலக்கு, நானே நேரடியாகப் பேசுகிறேன்" என்று கேட்டது. கர்னல் விலக்கியது. அப்படிக் கேட்க அதற்கு உரிமை உண்டு. யாரும் தவறு செய்யவில்லை.

அன்று என் முன்னால் இரண்டு வழி இருந்தது. விதிக் கோப்பைத் திறந்து 1ஏ86:7523 என்று இருக்கும் ஒரே ஒரு வரியை முடக்குவது. அல்லது நிரலையே எடுத்துவிடுவது. ஒரு வரியை முடக்கினால் அடுத்த மேம்படுத்தலில் அது திரும்ப வந்துவிடுமோ என்று பயந்தேன். அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனால் அதற்கும் வழி உண்டு. அதே பெயரில் ஒரு விதிக் கோப்பை வேறு கோப்பகத்தில் வைத்தால் அதுவே முன்னுரிமை பெறும். அதைச் செய்யப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். மணி ஏழு. நிரலை எடுத்தேன். ஆய்வகக் கணினிகளில் மட்டும் அல்ல, எல்லாக் கணினிகளுக்கும் போகும் அடிப்படை இமேஜிலிருந்தே, அதாவது நிறுவலின் மூலப் பிரதியிலிருந்தே, எடுத்தேன். ஓர் இமேஜ் இருந்தால் பராமரிப்பது எளிது, இரண்டு இருந்தால் தலைவலி. இதையும் நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அந்த வரியை எழுதிய நாளில் அது உண்மை. அப்போது எங்களிடம் பிரெய்ல் பலகை வைத்திருந்தவர் ஒருவரும் இல்லை. இதைப் பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அடிப்படை இமேஜ் என்பது இன்று இருப்பவர்களுக்கு மட்டுமா? நாளை சேரப்போகிறவர் முதல் நாள் காலையில் திறக்கும் கணினி அது. அந்த இடத்தில் 'இங்கே' என்று எழுதினால் அந்தச் சொல்லுக்கு எல்லை எது?

அக்டோபரில் அவர் சேர்ந்தார். சோதனைப் பிரிவு, மூன்றாம் மாடி. 40 செல், அதாவது 40 பிரெய்ல் எழுத்துகளுக்கான இடம், கொண்ட பலகை ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்தார். அவருடைய சொந்தப் பொருள், விலை லட்சத்தைத் தாண்டும். திரைவாசிப்பான் ஒலி வழியாக வேலை செய்தது. பலகை எழும்பவில்லை. "அதுதான் பேசுகிறதே" என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சோதனைப் பதிவுகளைக் காதால் கேட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பதினாறின் அடிமான எண்கள், முக்காற்புள்ளி, அடைப்புக்குறி, அரைப்புள்ளி எல்லாவற்றையும் ஒரே குரல் ஒரே வேகத்தில் ஒப்பித்துக்கொண்டே போகும். எட்டாவது எண் வரும்போது இரண்டாவது மறந்துவிடும். விரலுக்கு அந்தத் தொல்லை இல்லை. வேண்டிய இடத்தில் நிற்கலாம், திரும்பிப் போகலாம்.

தொழில்நுட்ப உதவிக்கு அழைத்தார். அவர்கள் பார்த்துவிட்டு "சாதனத்தைக் கணினி அடையாளம் கண்டுவிட்டது, எங்கள் பக்கம் பிழை இல்லை" என்றார்கள். அதுவும் உண்மைதான். அவர் பலகைக்குள் இருந்தது வேறு சிப், எண் 10சி4:இஏ60. கர்னல் அதைச் சீரியல் கேபிள் என்று எடுத்துக்கொண்டு, சிபி210எக்ஸ் டிரைவரைப் பொருத்தி, போர்ட் ஒன்றையும் திறந்து வைத்துவிட்டது. பதிவில் ஒரு பிழை வரிகூட இல்லை. கர்னலின் கணக்கில் பொருத்தம் முடிந்தது. அதற்குமேல் பலகையோடு பேச வேண்டிய நிரலைத்தான் நான் எடுத்திருந்தேன்.

அவர் தன் பலகையைச் சந்தேகப்பட்டார். இரண்டு பஸ் மாறி, விற்பனையாளரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அங்கே வேலை செய்தது. திரும்பக் கொண்டுவந்தார், இங்கே வேலை செய்யவில்லை. நான்கு நாள் இப்படிப் போனது. ஐந்தாம் நாள் மின்தூக்கியில் என்னோடு வந்த ஒருவர் தற்செயலாக இதைச் சொன்னார். கேட்டதும் வயிற்றில் ஏதோ இறங்கியது.

நேரே மூன்றாம் மாடிக்குப் போனேன். நிரலைத் திரும்ப நிறுவ இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பலகை மெலிதாகச் சடசடத்தது. மழை தூறத் தொடங்கும்போது தகரத்தில் கேட்கும் ஓசை போல இருந்தது. புள்ளிகள் எழுந்தன. அவர் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் அதன்மேல் வைத்து, இடமிருந்து வலமாக ஒரு முறை ஓட்டினார். முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. தோள் மட்டும் கொஞ்சம் தளர்ந்தது.

"இது ஏன் இல்லாமல் போனது சார்?"

நான்தான் எடுத்தேன் என்று சொன்னேன். அதை மறைக்கவில்லை; அந்த அளவுக்கு என்னால் நேராக இருக்க முடிந்தது. கேபிள் கதையை விளக்கினேன். அவருக்கு எளிதில் புரிந்தது, இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் கூர்மையானவை. பிறகு மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட் வரலாற்றில் அந்தக் கமிட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். குற்றம் கண்டுபிடிக்கத் தேடவில்லை. எந்தப் பதிப்பு நீக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளத்தான் தேடினார் என்று நினைக்கிறேன். செய்தியைப் படித்தார். விரல் கடைசிச் சொல்லில் நின்றது; ஆங்கிலத்தில் 'இங்கே' என்பதுதான் கடைசிச் சொல். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

ஆய்வகம் தரைத்தளத்தில் இருக்கிறது. அவர் உட்கார்ந்திருந்தது மூன்றாம் மாடி. அந்த இமேஜ்தான் அவர் கணினியிலும் இருந்தது. 'ஆய்வகத்தில்' என்பது பொய் என்று தெரிய அவருக்கு ஒரு நொடிகூடத் தேவைப்பட்டிருக்காது. "சரி சார்" என்ற அந்தக் குரலில் கோபம் இருந்ததா, சலிப்பா, அல்லது வேலையைப் பார்ப்போம் என்ற அவசரமா? மூன்று விதமாகவும் அதைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். பழகிப்போனவர் குரல் போல இருந்தது என்பதுதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருக்கிறது. அவர் சண்டை போட்டிருந்தால் நானும் என் இரண்டு நாள் தடைப்பட்ட சோதனையைச் சொல்லி வாதாடியிருப்பேன், கணக்கு தீர்ந்திருக்கும்.

நிரலை இமேஜில் திரும்பச் சேர்த்தேன். ஆய்வகக் கணினிகளில் மட்டும் அந்த ஒரு வரியை முடக்கினேன். அவர் பலகைக்கும் எங்கள் கேபிளுக்கும் எண் வேறு. ஆக ஜூலையிலேயே இதைச் செய்திருந்தால் இருவருக்கும் எதுவும் ஆகியிருக்காது. இப்படி ஒரு முடிவுக்கு வந்து கொஞ்சம் நிம்மதியாக இருந்த நேரத்தில் புதிய போர்டுகள் வந்து இறங்கின. அவற்றில் இருந்தது சிபி2102 சிப். எண் 10சி4:இஏ60. அவர் பலகையின் எண்ணேதான்.

இந்த முறை மோதல் அவர் மேசையிலேயே நடந்தது. அந்தப் போர்டுகளைச் சோதிக்க வேண்டியவர் அவர். பதிவுகளைப் படிக்கப் பலகையும் வேண்டும். இரண்டும் ஒரே கணினியில், ஒரே எண்ணில். வரிசை எண்ணை வைத்துப் பிரிக்கலாம் என்றேன். அவர் பார்த்துவிட்டு, இரண்டிலும் 0001 என்றார். சிப்பைத் தயாரித்த இடத்திலிருந்து வந்த எண்ணை யாரும் மாற்றவில்லை. கடைசியில் அவரே ஒரு விதி எழுதினார். சாதனம் என்ன சொல்கிறது என்று அது பார்ப்பதில்லை; எந்தத் துளையில் செருகப்பட்டிருக்கிறது என்று மட்டும் பார்க்கும். 1-4 என்ற துளையில் இருப்பது பலகை, மற்றவை எல்லாம் கேபிள். அந்தத் துளைக்குப் பக்கத்தில் பிரெய்லில் ஒரு சின்ன ஒட்டுத்தாளும் ஒட்டினார். நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் இது தீர்வா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இடத்தை மாற்றினால் உடையும். ஜூலையில் எங்களிடம் சிஎச்340 இல்லாமல் சிபி2102 இருந்திருந்தால், ஒரு வரியை முடக்கும் என் நல்ல வழியும் அவர் பலகையை ஊமையாக்கியிருக்கும். யாருக்கும் ஏன் என்று தெரிந்திருக்காது. அப்படியென்றால் நான் வருந்துவது எடுத்த முடிவுக்காகவா, எழுதிய வரிக்காகவா?

திரும்பச் சேர்த்தபோது எழுதிய கமிட் செய்திக்கு வேலையைவிட அதிக நேரம் ஆயிற்று. "தவறுதலாக நீக்கப்பட்டது" என்று எழுதி அழித்தேன், தவறுதலாக நீக்கவில்லை. "தேவை ஏற்பட்டுள்ளதால்" என்று எழுதி அதையும் அழித்தேன்; அவருடைய தேவை அக்டோபரில் பிறந்தது அல்ல. கடைசியில் "பிரெய்ல் ஆதரவு சேர்க்கப்படுகிறது" என்று மட்டும் போட்டேன். சரிபார்க்க அவருக்குத்தான் அனுப்பினேன். குறிப்பு எதுவும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார். பழைய வரி வரலாற்றில் அப்படியே இருக்கிறது. அதை மாற்றி எழுதினால் எல்லோருடைய பிரதிகளும் குழம்பும். குழம்பாவிட்டாலும் மாற்றியிருக்க மாட்டேன்.

இமேஜைச் சிறிதாக வைக்க வேண்டும் என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன். பயன்படாத ஒவ்வொரு மென்பொருள் தொகுப்பும் ஒரு நாள் ஒரு பாதுகாப்பு ஓட்டையாகத் திறக்கும், அதைப் பார்த்திருக்கிறேன். அதனால் நீக்குவதை நிறுத்தவில்லை. இப்போதெல்லாம் நீக்கும் முன் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பி ஒரு வாரம் காத்திருக்கிறேன். போன மாதம் மூன்று தொகுப்புகளின் பெயரைப் போட்டுக் கேட்டேன். ஒரு பதிலும் வரவில்லை. ஏழாம் நாள் நீக்கினேன், செய்தியில் 'இங்கே' என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுவதும் அவர் விடுப்பில் இருந்தார் என்பதைத் திங்கட்கிழமை அவர் திரும்பி வந்தபோதுதான் கவனித்தேன். அந்த மூன்றில் அவருக்கு வேண்டியது எதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.