"வலி மாத்திரை மட்டும்தான் சிஸ்டர்"

அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்த சமயம். இரவுப் பணி. முப்பது வயதைத் தாண்டிய ஒருவரை வலிப்போடு தூக்கி வந்தார்கள். இடுப்பு வலியால் ஒரு வாரமாகப் படுக்கையில் இருந்தவராம். ஸ்ட்ரெச்சரில் கிடத்தும்போதே இரண்டாவது முறை வெட்டி இழுத்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் வழிந்த நுரையை உறிஞ்சி எடுத்து, ஆக்சிஜன் வைத்து, சர்க்கரை பார்த்து, லோராசெபாம் ஊசி போட்டோம். இழுப்பு அடங்கியது.

கேஸ் ஷீட் எழுத மனைவியிடம் போனேன்.

"இதுக்கு முன்னாடி ஃபிட்ஸ் வந்திருக்கா?"

"இல்லை சிஸ்டர்."

"வேற வியாதி ஏதாவது? மாத்திரை சாப்பிடுறாரா?"

"ஒண்ணும் இல்லை சிஸ்டர்."

'மருந்து எதுவும் எடுப்பதில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். தப்பான வரி அது. இன்றைக்கும் அந்த வரி என் கையெழுத்தில்தான் கண்முன் வருகிறது.

சிறிது நேரத்தில் மூச்சு மந்தமானது. வலிப்புக்குப் போட்ட ஊசியால் இருக்கும் என்று நான் நினைத்தேன். பணியில் இருந்த மூத்த மருத்துவர் அப்படி நினைக்கவில்லை. "சட்டைப் பையைப் பாருங்க" என்றார். கசங்கிய துண்டு அட்டை ஒன்று கிடைத்தது. கத்தரித்து வாங்கிய அட்டை. மருந்தின் பெயரில் பாதிதான் மிஞ்சியிருந்தது. 'டிரம' என்ற எழுத்துகளும் ஓரத்தில் 100 என்ற எண்ணும். உள்ளே ஒரே ஒரு மாத்திரை.

"இது என்னம்மா?"

"அது வலி மாத்திரை மட்டும்தான் சிஸ்டர். வலி அடங்கலைன்னு நேத்து ராத்திரியிலிருந்து ரெண்டு ரெண்டா போட்டுக்கிட்டார்."

மனச்சோர்வுக்கும் ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதையும் மனைவி மருந்துக் கணக்கில் சேர்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. நான் கேட்ட கேள்வி அப்படி.

டிரமடால் ஓபியாய்டு வகை, அதாவது அபின் போல வேலை செய்து மூச்சையும் மந்தமாக்கக்கூடிய வலி மருந்து. ஆனால் அதற்கு இன்னொரு முகமும் உண்டு. மூளையில் செரடோனின், நார்-அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்களும் திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கிறது. மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் செய்கிற வேலைதான் இது. இரண்டும் உடம்பில் சேர்ந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. செரடோனின் அளவுக்கு மீறிப் போகவும் செய்யும். அன்று அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. உள்ளங்காலை மேல்நோக்கி அழுத்தியதும் பாதம் தானாகவே துடித்துக்கொண்டிருந்தது. வலிப்பின் மிச்சம் என்று நான் கடந்துபோன அறிகுறி அது. பெரியவர்களுக்கு இந்த மாத்திரை நாளொன்றுக்கு 400 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. ஏற்கெனவே வலிப்பு உள்ளவர்களுக்கும் தலையில் அடிபட்டவர்களுக்கும் அந்த வரம்புக்குள்ளேயே வலிப்பு வரலாம்.

ஓபியாய்டை முறிக்கும் நலாக்சோன் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று படித்திருந்தேன். மருந்தை எடுக்கப் போனவளை மருத்துவர் நிறுத்தினார். டிரமடாலில் நலாக்சோன் மூச்சை ஓரளவு மீட்கும், ஆனால் வலிப்பை அடக்காது; வலிப்பைத் தூண்டிவிடும் அபாயமும் உண்டு. அதனால் முதலில் ஆம்பு (Ambu) பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுத்தோம். விடியும்வரை யாரும் அந்தப் படுக்கையை விட்டு நகரவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார்.

பெத்திடின் என்ற ஓபியாய்டும் இப்படித்தான். அது உடைந்து உருவாகும் நார்பெத்திடின் சிறுநீரகம் பழுதானவர்களின் உடம்பில் தேங்கி, கை கால் துள்ளலில் தொடங்கி வலிப்பில் கொண்டுபோய் விடும். அந்த வலிப்புக்கும் நலாக்சோன் பலிக்காது. 'வலி மருந்து' என்ற ஒரே பெயருக்குள் இத்தனை குணங்கள் ஒளிந்திருக்கின்றன.

அன்றிலிருந்து "மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை. "வலிக்கு என்ன போடுறீங்க? தூக்கத்துக்கு? மனசுக்கு? உடம்புல பட்டை ஏதாவது ஒட்டியிருக்கா?" என்று தனித்தனியாகக் கேட்கிறேன்.

அந்தக் கடைசிக் கேள்வி ஒரு பாட்டியால் வந்தது. புற்றுநோய் வலிக்காக, தோல் வழியே ஓபியாய்டு மருந்தை இறக்கும் ஃபென்டனில் பேட்ச் ஒட்டிக்கொண்டவர். "ரெண்டு நாளா வலியில்லாம நல்லா தூங்குறாங்க, குறட்டை கூட விடுறாங்க, அதான் எழுப்பலை" என்றார் மகன். அது நல்ல தூக்கத்தின் குறட்டை இல்லை. தொண்டை தளர்ந்து காற்று திணறும் சத்தம். கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மார்பில் கை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். ஆறு மூச்சு. மூச்சு இவ்வளவு குறைந்திருந்தும், ஆக்சிஜன் மாஸ்க் வைத்திருந்ததால் விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் 97 சதவீதம் என்று காட்டியது. அந்த எண்ணை நம்பி நகர்ந்துவிடாதீர்கள் என்று புதிதாக வரும் ஒவ்வொரு நர்ஸிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

உடை மாற்றும்போதுதான் முதுகைப் பார்த்தோம். ஒரு பேட்சுக்குப் பதில் இரண்டு. மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதில் பழையதைக் கழற்றாமலே புதியதை ஒட்டியிருந்தார்கள். போதாததற்கு முதுகுக்கு வெந்நீர்ப் பை. சூடு பட்டால் பேட்சிலிருந்து மருந்து வேகமாக இறங்கும்.

நலாக்சோனைச் சொட்டுச் சொட்டாகத்தான் கொடுத்தோம். மொத்தமாகக் கொடுத்தால் மூச்சோடு சேர்ந்து அத்தனை வலியும் ஒரே நொடியில் திரும்பிவிடும். பாட்டி கண் விழித்தார், மகன் பெயரைச் சொன்னார். மகன் அழுதேவிட்டார். கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டார். இல்லை என்றேன். நலாக்சோன் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் தாக்குப்பிடிக்கும். பேட்சைக் கழற்றிய பிறகும் தோலில் தேங்கிய மருந்து மணிக்கணக்கில் இறங்கிக்கொண்டேயிருக்கும். சொன்னபடியே ஒரு மணி நேரத்துக்குள் பாட்டிக்கு மறுபடி கண் செருகியது. இரவு முழுக்க டிரிப்ஸில் நலாக்சோன் ஓடியது.

நான்காம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது, பழைய பேட்சைக் கழற்றி மடித்து, புதியதன் மேல் பேனாவால் தேதி எழுதி ஒட்டுவதை மகன் என் முன்னாலேயே செய்து காட்டினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"மூச்சை ராத்திரியில எத்தனை தடவை எழுந்து எண்ணணும் சிஸ்டர்?"