மதகடியில் கிடைத்த மாரி

கார்த்திகை மாதத்தின் இரண்டாவது கிழமை, கிளிநொச்சியில் வட்டக்கச்சிப் பக்கம் இரணைமடு வாய்க்கால் ஒன்றைக் கடக்கும் மதகின் ஓரத்தில் அந்தப் பூனைக்குட்டியைக் கண்டேன். மூன்று நாளாக விடாமல் பெய்த மழையில் வாய்க்கால் விளிம்பு முட்ட ஓடிக்கொண்டிருந்தது. சிமெந்துக் கட்டுக்கும் புல்லுக்கும் நடுவே இருந்த ஒரு சாண் இடத்தில் ஒட்டிக்கிடந்த அது, சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. தாய் இரை தேடிப் போயிருக்கும் நேரத்தில் குட்டியைத் தூக்கிவிட்டால் அது உதவியாகாது என்பதால், எதிரேயிருந்த கடையின் தாழ்வாரத்தில் ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தேன். கூடப் பிறந்த இரண்டு குட்டிகளை முதல்நாள் காலையில் வெள்ளம் கொண்டுபோய்விட்டதாகவும், தாயை இரண்டு நாளாகக் காணவில்லை என்றும் கடைக்காரர் சொன்ன பிறகுதான், அவர் தந்த சாக்குத் துண்டால் சுற்றி எடுத்தேன். வெறுங்கையால் தூக்காததற்குக் காரணம் உண்டு. விசர்நோய் நாயிடமிருந்து மட்டுமல்ல, பூனையிடமிருந்தும் தொற்றும். எந்த வழியால் வந்ததென்று தெரியாத குட்டி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பல்லும் நகமும் உடையதுதான்.

அம்மா படலையடியிலேயே கண்டுவிட்டார். "உதைத் திரும்பக் கொண்டுபோய் விட்டிட்டு வா பிள்ளை, இஞ்சை பூனை வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பாராமல் குசினிக்குள் போய்விட்டார். கோழிக்குஞ்சுகளை நினைத்துச் சொல்கிறார் என்றே அப்போது எண்ணினேன். மழை விடும்வரைக்கும் என்று தவணை கேட்டுக்கொண்டு குட்டியை உள்ளே கொண்டுபோனேன்.

அந்த முதல் இரவில் நான் ஒரு பிழை செய்தேன். குட்டி பசியில் இருக்கிறது என்ற ஒரே எண்ணத்தில், காய்ச்சி ஆறிய பசுப்பாலைப் பஞ்சில் தோய்த்து அதன் வாயில் வைத்தேன். அது இரண்டு முறை உறிஞ்சிவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டது. விடியும்போது வயிற்றோட்டம் தொடங்கி, பின்னங்கால்களெல்லாம் நனைந்து கிடந்தது. காலையில் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிய அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில், மாடுகளுடனும் ஆடுகளுடனும் வந்திருந்தவர்களுக்கு நடுவே என் முறை வந்தபோது, வைத்தியர் குட்டியின் வாய்க்குள் விரலை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை இன்றும் காதில் இருக்கிறது: "முதல் சூடு, பிறகு தான் பால்."

வளர்ந்த பூனையின் உடல் நம்முடையதைவிடச் சூடானது; ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியஸ் இருக்கும். குளிர்ந்துபோன குட்டியின் குடல் வேலை செய்யாது. அந்த நிலையில் உள்ளே போகும் பால் செரிக்காமல் தேங்கி நிற்கும். அதனால் முதலில் உலர்த்தி, மெல்ல மெல்லச் சூடேற்றி, வாய்க்குள் விரல் வைத்தால் இளஞ்சூடு தெரிந்த பிறகே பால் கொடுக்க வேண்டும். பசுப்பாலில் உள்ள பாற்சர்க்கரை பூனைக்குட்டிகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கியது. அம்மம்மா காலத்திலிருந்து பூனைக்குப் பால் வைப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதை ஏற்றுக்கொள்ளச் சற்று நேரம் எடுத்தது. வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்றைப் பழைய சாரத்தால் இரண்டு சுற்றுச் சுற்றி, பனையோலைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தேன். மறுபக்கத்தை வெறுமையாக விட்டது, சூடு கூடினால் குட்டி தானாக நகர்ந்துகொள்வதற்காக.

வைத்தியர் அதன் வயதை நான்கு கிழமை என்று மதித்தார். முன்பற்கள் வெளியே தெரிந்தன, வேட்டைப்பற்கள் அரும்பியிருந்தன, கண்கள் நீலம் மாறாதிருந்தன, காதுகள் நிமிர்ந்து நின்றன. நிறை 340 கிராம். அந்த வயதுக்கு 400 கிராமுக்கு மேல் இருக்க வேண்டுமாம். கறுப்பும் செம்மஞ்சளும் வெள்ளையுமாக மூன்று நிறம் இருந்ததால் பெட்டைதான் என்று பார்த்தவுடனேயே சொன்னார். மூன்று நிறப் பூனைகளில் கடுவன் பிறப்பது மிக அரிது. செம்மஞ்சளையும் கறுப்பையும் முடிவுசெய்யும் மரபணு எக்ஸ் நிறப்புரியில் இருப்பதால், இரண்டு நிறமும் ஒன்றாகத் தெரிவதற்கு இரண்டு எக்ஸ் வேண்டும். கடுவன் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த அண்ணாவுக்கு இதை நான் இரண்டு முறை விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. மழையோடு வந்ததால் அண்ணாவின் மகள் அதற்கு மாரி என்று பெயர் வைத்தாள்.

பூனைக்குட்டிகளுக்கான பால்மா எங்கள் பக்கத்துக் கடைகளில் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் சிநேகிதியிடம் சொல்லி, அவர் வாங்கிப் பேருந்து நடத்துநரிடம் கொடுத்துவிட, மறுநாள் மாலை பரந்தன் சந்தியில் நின்று வாங்கிக்கொண்டேன். இடைப்பட்ட ஒன்றரை நாளும் நீரிழப்பைத் தீர்க்க வைத்தியர் தந்த கரைசலும், அவித்த கோழி இறைச்சியை மசித்து வடித்த நீரும்தான். பால்மா வந்த பிறகு, ஊசி கழற்றிய சிறிய சிரிஞ்சால் நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொடுத்தேன். இதில் ஒரு விடயத்தை யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது. கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் பிடித்துப் பாலூட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்; தாயிடம் குடிக்கும்போது கிடப்பது போல வயிறு கீழே இருக்க, தலை சற்று நிமிர்ந்திருக்க, கடைவாயோரத்தால் துளித்துளியாகக் கொடுக்க வேண்டும். மூன்று கிழமைக்கு உட்பட்ட குட்டியாக இருந்திருந்தால், ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் ஈரத்துணியால் அடிப்பக்கத்தைத் தடவிச் சிறுநீர் கழிக்க வைக்கும் வேலையும் சேர்ந்திருக்கும். மாரிக்கு அது தேவைப்படவில்லை.

காலபோக அறுவடைக்குப் பிறகு நெல் மூட்டை அடுக்கும் சிறிய அறை அப்போது வெறுமையாக இருந்தது. அதை மாரிக்கு ஒதுக்கினோம். வீடு முழுவதையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டால் குட்டி எந்த மூலையையும் தன்னுடையதாக்கிக்கொள்ளாது என்பது ஒன்று. அதனிடம் தொற்றுநோய் ஏதும் இருந்தால் பலவும் இரண்டு கிழமைக்குள் தெரிந்துவிடும் என்பது இன்னொன்று. ஒரு மூலையில் படுக்கைப் பெட்டி, அதற்கு எதிர்மூலையில் மணல் தட்டம். வீட்டு வேலைக்குப் பறித்துக் கிடந்த ஆற்று மணலை அரித்து, பழைய அலுமினியத் தட்டம் ஒன்றில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் போட்டேன். சாப்பிட்டவுடன் அதன்மேல் தூக்கி வைத்து, முன்காலைப் பிடித்து ஒருமுறை மணலைக் கிண்டிக் காட்டினேன். இரண்டாவது நாளே அது தானாகப் போனது. பின்னங்கால்கள் இன்னும் தள்ளாட, குந்தியிருந்துவிட்டு, மூடுகிறேன் என்று மணலை முழுவதும் தட்டத்துக்கு வெளியே வாரி இறைத்ததை நானும் அண்ணாவின் மகளும் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது அண்ணி ஐந்து மாதக் கர்ப்பிணி. பூனையின் மலத்தில் இருக்கக்கூடிய ஒருவகை ஒட்டுண்ணி கருவிலுள்ள பிள்ளைக்குத் தீங்கு செய்யும் என்பதால் அந்தத் தட்டத்தை அவர் தொடவே இல்லை. நான் ஒவ்வொரு நாளும் காலையில் அள்ளிப் புதைத்துவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன். ஒரு நாளுக்குமேல் கிடக்கும் மலம்தான் தொற்றக்கூடியதாகிறது என்பதால், நாள் தவறாமல் அள்ளுவதே பெரிய காவல்.

தெள்ளுத் தொல்லையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வயிற்றுப்பக்க மயிரை விலக்கினால் மிளகுத்தூள் சிந்தினாற்போல் கறுப்புப் பொடி. அதை ஈரப் பஞ்சில் எடுத்தால் சிவப்பாகக் கரைந்தது. தெள்ளு குடித்துக் கழித்த இரத்தம் அது. மாரியின் பல்முரசு வெளிறியிருந்ததற்கும் அதுவே காரணம். இவ்வளவு சிறிய உடலில் தெள்ளே உயிரைக் கொண்டுபோகலாம். மருந்து கேட்டுப்போன கடையில் நாய்க்கு விடும் சொட்டு மருந்தைத் தந்து, பாதி விட்டால் போதும் என்றார்கள். பெட்டியில் பெர்மெத்ரின் என்ற பெயரைக் கண்டு வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். அது பூனைகளுக்கு நஞ்சு, ஒரு சொட்டும் விடக் கூடாது என்று அவர் தடுத்திருக்காவிட்டால் அன்றிரவே குட்டியைப் பறிகொடுத்திருப்பேன். எங்கள் வீடுகளில் காய்ச்சலுக்குக் கைக்கெட்டுமிடத்தில் இருக்கும் பனடோலும் அப்படித்தான். பூனைக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கக் கூடாது. கடைசியில், இளஞ்சூட்டு நீரில் கழுத்துவரை நனைத்து, உடனே துவட்டிச் சூடாக்கி, பேன்சீப்பால் வாரி வாரி எடுத்துச் சவர்க்கார நீரில் போட்டுக் கொன்றேன். ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம். நிறை கூடிய பிறகு வைத்தியரே குட்டிகளுக்கு ஏற்ற மருந்தைத் தந்தார்.

பூனைக்குட்டி மனிதரோடு ஒட்டிக்கொள்ளும் காலம் மிகக் குறுகியது. இரண்டாவது கிழமையிலிருந்து ஏழாவது கிழமை வரைதான் என்கிறார்கள். மாரி எங்களிடம் வரும்போது அதில் பாதி கழிந்துவிட்டது. முதல் நான்கு நாளும் யாராவது கதவைத் திறந்தால் பெட்டிக்குப் பின்னால் போய், காதைப் பின்னுக்கு மடித்துச் சீறும். மூன்றாவது நாள் அண்ணாவின் மகள் ஆசையில் கையை நீட்டிக் கீறல் வாங்கினாள். காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சின்னக் கீறல்தானே என்று விடவில்லை. அதன்பிறகு பிள்ளைகளுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்தேன்: தரையில் இருக்க வேண்டும், கதைக்கலாம், பாடம் படிக்கலாம், ஆனால் குட்டியைத் தேடிப் போகக் கூடாது. ஆறாவது நாள் மாலை, பெருக்கல் வாய்ப்பாட்டை உரத்துப் படித்துக்கொண்டிருந்தவளின் சட்டை விளிம்பை மாரி வந்து முகர்ந்து, ஒரு காலை அவள் முழங்காலில் வைத்து, எடுத்து, பிறகு இரண்டு காலையும் வைத்தது. பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு, எட்டாம் வாய்ப்பாட்டை நிறுத்தாமல் இன்னும் மெதுவாகச் சொன்னாள்.

எங்கள் வீட்டு நாயைப் பழக்க அதைவிடக் கூடுதலான நாள் சென்றது. மாரி படுத்த சாரத் துண்டை நாயின் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தோம். நாய் படுத்த சாக்கை அறைக்குள் போட்டோம். ஒரு கிழமை மணத்தால் மட்டுமே பழகிய பிறகு, கதவில் கோழிவலை அடித்து, இரு பக்கமும் இருவரும் சாப்பிட விட்டோம். அதன்பின்னரே நாயைச் சங்கிலியில் பிடித்தபடி நேருக்கு நேர். கோழிக்குஞ்சுகளுக்குக் கூட்டைப் பலப்படுத்தியதே தீர்வாயிற்று.

இந்த நாட்களில் அம்மா அறைப்பக்கம் வரவே இல்லை. ஓர் இரவு இரண்டு மணிக்குப் பால் கரைக்க எழுந்தபோது, அவரே அடுப்பை மூட்டிச் சுடுதண்ணீர் வைத்திருந்தார். அப்போதுதான் சொன்னார். 2009 தை மாதம் சண்டை நெருங்கி வர, நாங்கள் வட்டக்கச்சியை விட்டு விசுவமடுப் பக்கம் வெளிக்கிட்டபோது, வீட்டில் ஒரு பெட்டைப் பூனை குட்டி போட்டுப் பத்து நாள். ஏற்றக்கூடியதெல்லாம் ஏற்றிய உழவு இயந்திரத்தில் அதற்கு இடமில்லை. அம்மா ஒரு சட்டி சோறு பிசைந்து வைத்து, குசினிக் கதவைத் திறந்துவிட்டு வந்தாராம். 2010 இல் திரும்பி வந்தபோது கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே அந்தச் சட்டி மட்டும் கவிழ்ந்து கிடந்ததாம். நான் சிறுவயதில் அந்தப் பூனையோடு விளையாடியது நினைவிருந்தது. சட்டியைப் பற்றி அம்மா அதுவரை எவரிடமும் சொன்னதில்லை. அன்றிரவு சிரிஞ்சை அவரே வாங்கிப் பால் கொடுத்தார். என்னைவிட வடிவாகக் கொடுத்தார்.

ஆறாவது கிழமையிலிருந்து, அவித்து முள்ளெடுத்த திரளி மீனையும் கோழி ஈரலையும் சிறிது சோற்றோடு பிசைந்து வைத்தோம். வெங்காயமும் உள்ளியும் பூனைக்கு ஆகாது என்பதால் குழம்புச் சோறு கொடுப்பதில்லை. சோறே முக்கிய உணவாகவும் கூடாது. பூனை இறைச்சியிலும் மீனிலும் வாழும் உயிர். இரண்டு கிழமைக்கு ஒருமுறை பூச்சி மருந்தும், எட்டாவது கிழமையில் முதல் தடுப்பூசியும், பிறகு மூன்று மாத வயது நிரம்பியதும் விசர்நோய்த் தடுப்பூசியும் போட்டோம். முற்றத்தில் இறக்கிவிடுவதற்கு முன் வேலியில் படர்ந்திருந்த கார்த்திகைப்பூக் கொடியைக் கிழங்கோடு கிளறி எடுத்தேன். அந்தச் செடி முழுவதும், குறிப்பாகக் கிழங்கு, கடும் நஞ்சு.

பங்குனி மாதம், ஐந்து மாதம் நிரம்பியபோது, கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தோம். அந்த மதகடிக்கு இன்னுமொரு குட்டித்தாய்ச்சி போகக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். கொண்டுபோய் வருவதற்கென்று மூடியுள்ள பிளாஸ்டிக் கூடை ஒன்று வாங்கியிருந்தேன். தையல் ஆறி, இனித் தேவையில்லை என்று அதைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்க எடுத்தபோது, அம்மா என் கையிலிருந்து வாங்கி, கழுவிக் காயவைத்து, வாசற்கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். "எங்கையாவது போகவேண்டி வந்தால் கையோட எடுக்கலாம்" என்றார். அது இன்றும் அங்கேதான் தொங்குகிறது. மத்தியான வெயில் ஏறினால் மாரி அதன் கீழே வந்து படுக்கும்.