ஓடிட்டு இருக்கற பட்டர்எஃப்எஸ்ல ஒரு டிஸ்க் மாத்துனது

வீட்ல பழைய டெஸ்க்டாப் ஒண்ணு டெபியன் லினக்ஸ் போட்டு சர்வரா ஓடுது. உள்ள மூணு ஹார்ட்டிஸ்க், 4 டிபி ரெண்டு, 2 டிபி ஒண்ணு, எல்லாம் சேர்ந்து ஒரே பட்டர்எஃப்எஸ் (லினக்ஸோட ஒரு ஃபைல் சிஸ்டம்), ரெய்டு1, அதாவது எல்லா டேட்டாவும் ரெண்டு டிஸ்க்ல இருக்கும். இதுல ஒரு 4 டிபி டிஸ்க் கொஞ்ச நாளாவே சரியில்ல. டிஸ்க் தன்னோட உடம்பு நிலைய தானே சொல்ற ஸ்மார்ட் ரிப்போர்ட்ல 197ம் நம்பர் வரி இருக்குல்ல, கரண்ட் பெண்டிங் செக்டார், அதாவது சரியா படிக்க முடியாம நிக்கற செக்டார் எத்தனைன்னு, அது முதல்ல 8, அப்புறம் 24, அப்புறம் 56. எட்டு எட்டா ஏறுதேன்னு பாத்தா, உள்ள நிஜ செக்டார் 4கே சைஸ், வெளிய கணக்கு காட்டுறது 512 பைட்ல, அதனால ஒரு செக்டார் போனா கணக்குல எட்டு போகும். ஆக ஏழு இடம்தான் கெட்டுருக்கு, ஆனா நிக்க மாட்டேங்குதே. மாத்திடலாம்னு முடிவு.

எத்தன டிபி வாங்கறதுன்னு ஒரு கணக்கு போட்டேன். பட்டர்எஃப்எஸ் ரெய்டு1ல எத்தன டிஸ்க் இருந்தாலும் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டே காப்பிதான், ரெண்டும் வேற வேற டிஸ்க்ல. 4-4-2க்கு மொத்தம் 10, பாதி 5 டிபி கிடைக்கும். 8 டிபி வாங்கிப் போட்டா 8-4-2, மொத்தம் 14, பாதி 7ன்னு தோணும், ஆனா 8க்கு ஜோடி சேர மத்த ரெண்டும் சேந்தே 6தான இருக்கு, அப்போ 6 டிபிதான் கிடைக்கும். 6 டிபி டிஸ்க் போட்டாலும் அதே 6! காசு மிச்சம், 6 டிபியே வாங்கிட்டேன், எஸ்எம்ஆர் (டிராக்குகள ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி எழுதற வகை, நிறைய எழுதுனா மெதுவாயிடும்) இல்லாததா பாத்து. வந்ததும் ஸ்மார்ட் லாங் டெஸ்ட் ஒரு முழு ரவுண்டு ஓட விட்டுட்டுதான் மத்த வேலை, போட்டோ எல்லாம் வெளி டிஸ்க்ல பேக்கப் இருக்கான்னும் ஒரு தடவ பாத்துக்கிட்டேன்.

நிறைய பேர் பண்றது, கெட்ட டிஸ்க்க முதல்ல கழட்டிட்டு புதுச மாட்டி டிகிரேடட் மவுண்ட் (ஒரு டிஸ்க் இல்லாமலே திறக்கறது) பண்றது. மதர்போர்டுல டிஸ்க் மாட்டுற சாட்டா போர்ட் ஒண்ணு காலியா இருந்தா தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க. கெட்ட டிஸ்க்லயும் முக்கால்வாசிக்கு மேல நல்ல டேட்டாதான் இருக்கு, நடுவுல இன்னொரு டிஸ்க் ஏதாவது ஒரு இடத்துல மக்கர் பண்ணுச்சுன்னா அந்த இடத்துக்கு இதான் கை கொடுக்கும். எனக்கு நாலாவது போர்ட் காலியா இருந்துச்சு, பழசு அப்படியே இருக்க புதுச பக்கத்துல மாட்டியாச்சு.

மாட்டுனதுக்கப்புறம் லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கற எஸ்டிபி எஸ்டிசி பேர எல்லாம் நம்பக்கூடாது, ஒவ்வொரு தடவ பூட் ஆகும்போதும் மாறலாம். டிஸ்க் பை-ஐடி ஃபோல்டர்ல சீரியல் நம்பரோட பேர் இருக்கும், அத டிஸ்க் மேல ஒட்டிருக்கற ஸ்டிக்கரோட ஒத்துப் பாத்து, கடைசி நாலு எழுத்த மாஸ்கிங் டேப்ல எழுதி ஒவ்வொரு டிஸ்க் ஓரத்துலயும் ஒட்டிட்டேன். மொத்த வேலையில கவனம் வேண்டியது இங்கதான், கமாண்ட் என்னமோ ஒரே வரி: பட்டர்எஃப்எஸ் ரீப்ளேஸ் ஸ்டார்ட், மைனஸ் ஆர், பழைய டிஸ்க்கோட டிவைஸ் ஐடி (பட்டர்எஃப்எஸ் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் குடுக்கற நம்பர்) 2, புது டிஸ்க்கோட பேர், மவுண்ட் பண்ணுன இடம். அந்த மைனஸ் ஆர் முக்கியம், இன்னொரு டிஸ்க்ல நல்ல காப்பி இருந்தா அதுலேருந்தே எடுத்துக்கோ, கெட்டத தேவைப்பட்டா மட்டும் தொடுன்னு அர்த்தம். 2013ல கெர்னல் 3.8ல தான் இந்த ரீப்ளேஸே வந்துச்சு, அதுக்கு முன்னாடி புதுச ஆட் பண்ணி பழச டெலிட் பண்ணணும், அது ஒவ்வொரு சங்க்கா (பட்டர்எஃப்எஸ் இடத்த பிரிச்சு வச்சிருக்கற பெரிய துண்டு) இடம் மாத்திட்டு ஆமை வேகத்துல போகும்.

ஓடும்போது டிஸ்க் லிஸ்ட் காட்டற ஷோ கமாண்ட் அடிச்சு பாத்தா புது டிஸ்க் டிவைஸ் ஐடி 0ன்னு நிக்குது, முடிஞ்சதும் பழசோட 2 நம்பர இது எடுத்துக்கும். ஸ்டேட்டஸ்ல பர்சன்டேஜ் வருது, அத வச்சு நேரம் கணக்கு போடாதீங்க, அது டிஸ்க்ல எந்த இடம் வரைக்கும் போயிருக்குங்கறது, காலி இடம் வந்தா ஒரே தாவா தாவும். எனக்கு கடைசி பக்கம் அப்படித்தான் சர்ருனு போச்சு. கேபினெட் சைட் மூடிய கழட்டி டேபிள் ஃபேன் வச்சிருந்தேன். வீட்ல டிவில படம் பாட்டுக்கு இதே சர்வர்லேருந்து ஓடிட்டு இருந்துச்சு, யாருக்கும் ஒண்ணும் தெரியல. நடுவுல கரண்ட் போனாலும் திரும்ப மவுண்ட் ஆனதும் விட்ட எடத்துலேருந்து தானா தொடரும்தான், இருந்தாலும் யுபிஎஸ் இருந்ததால நிம்மதியா தூங்குனேன்.

காலைல பாத்தா முடிஞ்சிருந்துச்சு, ரைட் எரர் 0, சரிபண்ண முடியாத ரீட் எரர் 0. ஆனா சைஸ் இன்னும் 3.64 டிபின்னே காட்டுது (பழைய 4 டிபிதான், 1024 கணக்குல காட்டுது), புதுசு பெரிசுன்னு அதுக்கு தானா தெரியாது. ரீசைஸ் 2:மேக்ஸ் குடுத்ததும் 5.46 ஆச்சு. அப்புறம் எல்லா டேட்டாவையும் படிச்சு சரி பாக்கற ஸ்க்ரப் ஒரு தடவ, எரர் ஒண்ணும் இல்ல. பழைய டிஸ்க்ல சூப்பர்பிளாக்க (இது இந்த ஃபைல் சிஸ்டத்தோட டிஸ்க்னு சொல்ற அடையாளம்) ரீப்ளேஸே அழிச்சிடுது, அதனால ரெண்டும் ஒண்ணா மாட்டியிருந்தாலும் குழப்பம் இல்ல, ஆனா உள்ள டேட்டா அப்படியேதான் கிடக்கும், காயலான் கடைக்கு போடறதுக்கு முன்னாடி முழுசா ஜீரோ எழுதணும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. புது டிஸ்க்ல மட்டும் காலி இடம் நிறைய, மத்த ரெண்டுல கொஞ்சம்தான், ரெண்டு காப்பிக்கு ஜோடி கிடைக்காம அந்த இடம் பாதி சும்மா கிடக்கும். அதனால டிவைஸ் ஐடி 1ல இருக்கற சங்க்குகள ஒரு தடவைக்கு இத்தனதான்னு லிமிட் போட்டு ராத்திரி ராத்திரி கொஞ்சமா பேலன்ஸ் (சங்க்குகள எடுத்து டிஸ்க்குகள்ல மறுபடி பரப்பி எழுதறது) ஓட விட்டுட்டு இருக்கேன், யூசேஜ்ல ஃப்ரீன்னு காட்டற நம்பர் மெதுவா ஏறிட்டு வருது.