பிக்மி பதிவும் நோட்டுப் பதிவும்

அக்டோபர் 14, செவ்வாய்

பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் குப்பத்தில் புதுசாக ஒரு கர்ப்பிணி. கடைசி மாதவிடாய் தேதி கேட்டேன். "ஆடிப்பெருக்குக்கு மறுநாள் தலைக்கு ஊத்திக்கிட்டேன் நர்சம்மா" என்றாள். கர்ப்பிணிகளைப் பதியும் அரசு இணையதளமான பிக்மியில் நாள், மாதம், வருடம் போட்டாக வேண்டும். அதுவும் குளித்த நாள் இல்லை, விலக்கான முதல் நாள். மாமியாரையும் உட்கார வைத்து விசாரித்ததில் ஆகஸ்ட் 2 என்று முடிவானது. தேதியை அடித்ததும் பிரசவ நாள் மே 9 என்று வந்துவிட்டது. 12 வாரம் தாண்டுவதற்குள் பதிந்தாயிற்று. கர்ப்பிணிகளுக்கு உதவி தரும் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய்க்கு இந்தப் பதிவுதான் ஆதாரம்.

ஆபா என்கிற சுகாதார அடையாள எண் மட்டும் போட முடியவில்லை. ஆதாரோடு இணைத்த போனுக்குத்தான் ஓடிபி போகும். அந்தப் போன் அவள் புருஷனோடு கடலில் இருக்கிறது.

அக்டோபர் 17, வெள்ளி

மழை. சிக்னல் இல்லை. நோட்டில் எழுதிக்கொண்டு வந்து ராத்திரி வீட்டில் ஏற்றினேன். பக்கத்துத் துணை சுகாதார மையத்து அக்காவும் இப்படித்தான்.

அக்டோபர் 23, வியாழன்

தலைப்பிரசவம் புகுந்த வீட்டு ஊரிலேயே முடிந்ததாம். இரண்டாவதுக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள் ஒரு பெண். ஏழு மாதம். அட்டையை அங்கேயே வைத்துவிட்டாள். "நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாள், நடந்தால் மூச்சு வாங்குகிறது. கர்ப்பிணிக்குத் தரும் 12 இலக்க ஆர்.சி.ஹெச். பதிவு எண் மட்டும் அவள் அம்மா போனில் இருந்தது. பிக்மியில் போட்டுப் பார்த்தேன். முதல் குழந்தை சிசேரியன். போன மாதம் ஹெச்பி, அதாவது ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு, 6.8. ஏழுக்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. அன்றைக்கே கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

அங்கே அந்த ஊரில் யாரோ ஒரு செவிலியர் விடாமல் ஏற்றி வைத்திருக்கிறார். முகம் தெரியாது, கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. கணினி வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அதே விவரத்தை நோட்டிலும் தனியே எழுதச் சொல்வதுதான் ஆளைக் கொல்கிறது. அந்த நேரத்துக்கு இன்னும் இரண்டு வீடு பார்க்கலாம்.

நவம்பர் 7, வெள்ளி

ஆய்வுக் கூட்டம். எத்தனை சதவீதம் என்ட்ரி முடிந்தது என்று கேட்டார்கள். எந்தெந்தப் பதிவேட்டை நிறுத்தலாம் என்று பட்டியல் எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்தில் திரும்பவும் கேட்பேன்.

அந்தப் பெண்ணுக்கு இரும்புச்சத்து ஊசி ஏற்றியாயிற்று. ஹெச்பி இப்போது 8.2. இன்னும் ஏற வேண்டும்.